கணக்கப்பிள்ளை இல்லாத பீலிக்கரை

எங்கள் தேயிலைத் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரே நாளில் 117 செய்திகள். பாதிக்கு மேல் ஒரு கோழியைப் பற்றியவை. கீழ் லயத்து, அதாவது கீழ் வரிசை வீட்டு, அத்தை ஒருவரின் சிவப்புக் கோழியைச் செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து காணவில்லை. நாய் தூக்கியதா, கீரி தூக்கியதா, இல்லை இரண்டு கால் பிராணி ஏதாவது தூக்கியதா என்று குவைத்திலிருந்து ஓர் அக்காவும், தம்புள்ளை மரக்கறிச் சந்தையிலிருந்து ஓர் அண்ணனும், கொழும்பிலிருந்து நானும் விசாரணை நடத்தினோம். கடைசியில் அது கோயில் கொட்டகைக்குள் சப்பரத்துக்குப் பின்னால் அடைகாத்துக்கொண்டிருந்தது. படமும் வந்தது. கோழியின் முகத்தில் எங்கள் எல்லோர் மீதும் ஒரு சலிப்பு.

வேலையற்ற கூட்டம் என்று யாராவது நினைத்தால் நான் கோபப்பட மாட்டேன். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சட்டமும் போட்டேன். அந்தச் சட்டத்தால் எனக்கு வந்த வெட்கக்கேட்டை எழுதத்தான் உட்கார்ந்தேன். கோழி குறுக்கே வந்துவிட்டது.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, இடையில் இறங்கி, கையில் காசிருந்தால் ஆட்டோ, இல்லாவிட்டால் நடை என்று போய்ச் சேர வேண்டிய தோட்டம் எங்களுடையது. பெயர் எதற்கு? அந்தப் பக்கத்தில் எந்தத் தோட்டத்தின் பெயரைப் போட்டாலும் கதை பொருந்தும். பன்னிரண்டு காம்பிரா, அதாவது அறை, கொண்ட லயங்கள், பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளைக் காம்பிரா, ஒரு மாரியம்மன் கோயில், ஐந்தாம் ஆண்டுவரை ஒரு பாடசாலை. 1869இல் கோப்பிக்கு இலைநோய் கண்டு, பிறகு மலையெல்லாம் தேயிலையாகிவிட்டது. ஆனால் ஆட்களுக்கு ஒதுக்கிய காம்பிரா மட்டும் பத்துக்குப் பன்னிரண்டு அடியைத் தாண்டி அதிகம் வளரவில்லை. எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது. அடுத்த காம்பிராவில் தாளிப்பது கடுகா வெந்தயமா என்பது இந்தப் பக்கம் தெரியும். புருஷன் பெண்சாதி சண்டையில் நியாயம் யார் பக்கம் என்பதும் தெரியும். காலையில் அந்த நியாயம் பீலிக்கரைக்குப் போகும்.

பீலியைத் தெரியாதவர்களுக்காக: மலையில் கசிகிற ஊற்றுத் தண்ணீரை மூங்கிலைப் பிளந்து வாய்க்காலாக வைத்து இறக்கிக் கொண்டுவருவது. என் காலத்தில் மூங்கில் போய்த் தகரம் வந்தது, தகரம் போய்ப் பிளாஸ்டிக் குழாய் வந்தது. பெயர் மட்டும் பீலிதான். விடியற்காலை நாலரை மணிக்கே குடங்கள் வரிசையில் நிற்கும். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன் பெண்களுக்குக் கிடைக்கிற அரை மணி நேரம் அது. யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, நேற்று யாருக்குக் கொழுந்து நிறை குறைந்து அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டார்கள், கங்காணி ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் எல்லாம் அங்கேதான்.

எங்கள் தோட்டத்தில் வளர்ந்தவரையில் "உதவி" என்ற சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது மேடையில் பேசுகிறவர்கள் வைத்திருந்த சொல். என் அம்மாயி கைமாற்றுக் கேட்கப் போனால் முதல் கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசுவார். பிறகு மாட்டைப் பற்றி. பிறகு, போகிற போக்கில், "இந்தத் தடவை மா சீக்கிரம் முடிந்துவிட்டது" என்பார். அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார். மாலையில் அந்த வீட்டுப் பிள்ளை ஒரு சுண்டில் கோதுமை மாவோடு வாசலில் நிற்கும். "அம்மா கொடுத்துவிட்டு வரச் சொன்னது." கேட்டவருக்கும் கேட்ட கூச்சம் இல்லை, கொடுத்தவருக்கும் கொடுத்த பெருமை இல்லை. ஆனால் இந்த வித்தை நடக்க அந்தக் கால் மணி நேர மழையும் மாடும் வேண்டும். நேரே போய் மா கேட்டிருந்தால் அம்மாயி அம்மாயியாக இருந்திருக்க மாட்டார்.

இது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் பிழை விட்டேன்.

உயர்தரம் முடித்துக் கொழும்புக்கு வந்து புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் கொழும்புக் கடைகளில், மீதியில் பாதி வளைகுடாவில். 2016இல் ஒரு தைப்பொங்கல் விடுமுறையில் எல்லோருடைய இலக்கங்களையும் சேர்த்துக் குழுவைத் தொடங்கியவன் நான்தான். அதனால் நிருவாகியும் நானே. அந்தக் காலத்தில் ஒரு குழுவில் 256 பேருக்கு மேல் சேர முடியாது. எங்களுக்கு இரண்டே ஆண்டில் 256 நிரம்பிவிட்டது. பிறகு யாராவது வெளியேறினால்தான் இன்னொருவர் வரலாம். மஸ்கெலியாவுக்குக் கல்யாணமாகிப் போன ஒரு பெண்ணுக்கு இடம் வேண்டும் என்று, போனே பார்க்காத ஒரு பெரியப்பாவை நான் நீக்கிவிட, "காம்பிராவை விட்டுத்தான் துரத்தினார்கள், இதை விட்டுமா" என்று அவர் என் அம்மாவிடம் வந்து கேட்டிருக்கிறார்.

சிக்னல் ஒரு தனிக்கதை. லயத்தில் கிடைக்காது. பதின்மூன்றாம் நம்பர் மலையில் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் நின்றால் இரண்டு கோடு வரும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஆட்கள் பாறையில் ஏறிச் செய்தி அனுப்புவார்கள். ஆகவே எங்கள் குழுவில் தோட்டத்துச் செய்திகள் மொத்தமாகப் பதினொரு மணிக்கும் நாலரை மணிக்கும் வந்து விழும். பத்துப் பேரின் காலை வணக்கம், ரோஜாப்பூ, பிள்ளையார், தேநீர்க் கோப்பை. நடுவில் ஆறு நிமிட நீளத்துக்கு ஒரு குரல் பதிவு. தட்டச்சு செய்யத் தெரியாத பெரியவர்களுக்குக் குரல் பதிவு ஒரு வரம். கேட்கிற எங்களுக்கு அது அப்படியில்லை. ஒரு சின்னம்மாவின் பதிவில் முதல் இரண்டு நிமிடம் அவர் இருமுவதும், "இது பதிவாகிறதா" என்று பக்கத்தில் கேட்பதும்தான்.

2019 ஆடி மாதம் என்று நினைவு. கடையில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற நெருக்கடி. போன் நிமிடத்துக்கு ஒரு தடவை துள்ளுகிறது. எடுத்துப் பார்த்தால் ரொட்டிக்குத் தேங்காய் துருவிப் போடுவதா, போடாமல் சுடுவதா என்று ஒரு சண்டை. கட்டைச்சம்பலுக்கு எது பொருந்தும் என்று கிளைச்சண்டை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓர் அறிவித்தல் எழுதினேன். அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், எனக்கே ஒரு தண்டனையாக. "இக்குழு அவசரத் தகவல்களுக்கும் உதவிக் கோரிக்கைகளுக்கும் மாத்திரமே. காலை வணக்கம், படங்கள், தேவையற்ற உரையாடல்கள் தவிர்க்கப்பட வேண்டும். மீறுவோர் நீக்கப்படுவர். இங்ஙனம், நிருவாகி." இங்ஙனம் வேறு!

குழு சுத்தமாகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு மரண அறிவித்தலும், கோயில் பூசைத் தகவல் ஒன்றும். எனக்கு நிம்மதி. ஒரு நாள் மேல் டிவிஷனைச் சேர்ந்த பெண் ஒருவர், தன் மகனுக்குப் பயிற்சி நெறி விண்ணப்பம் நிரப்ப யாராவது உதவ முடியுமா என்று எழுதியிருந்தார். சட்டப்படி எழுதப்பட்ட, சுருக்கமான, மரியாதையான கோரிக்கை. 256 பேரில் ஒருவரும் பதில் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. வேறு யாராவது எழுதுவார்கள் என்று நினைத்தேன். பிறகு மறந்தேன்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, அம்மாவின் போனில் இடம் நிறைந்துவிட்டது, கொஞ்சம் பார்த்துக்கொடு என்றார். திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, 1,400 படிக்கப்படாத செய்திகளோடு, நான் அறியாத ஒரு குழு. பெயர் "பீலிக்கரை". உறுப்பினர்கள் 190க்கு மேல். என் தங்கை இருக்கிறாள். என் சின்னம்மா இருக்கிறார். என்னோடு ஒரே அறையில் கொழும்பில் தங்கியிருக்கிற என் பெரியம்மா மகன் இருக்கிறான். நான் மட்டும் இல்லை.

"இது எப்போதிருந்து அம்மா?"

"நீ அந்த நோட்டீஸ் ஒட்டினாயே, அதற்கு மறுநாளிலிருந்து" என்றார் அம்மா, முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே.

அன்றிரவு விடிய விடிய அந்தக் குழுவைப் படித்தேன். வயிற்றெரிச்சலோடு தொடங்கினேன். எதற்காகச் சிரிக்கிறார்கள், என்னைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று தேடினேன். என்னைப் பற்றி அதிகம் இல்லை, அது இன்னும் எரிச்சல். ரொட்டிச் சண்டை அங்கே தொடர்ந்து நடந்து, தேங்காய்க் கட்சி தோற்றிருந்தது. அந்தச் சண்டைக்கு நடுவில்தான் முதல் முத்து கிடைத்தது. தேங்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஓர் அத்தை, "எனக்கு ஐம்பது முடிந்தும் ஈபிஎஃப் பணம் வந்தபாடில்லை, நான் எங்கே தேங்காய் வாங்குவது" என்று ஒரு வரி விட்டிருக்கிறார். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். சம்பளத்தில் 8 வீதம் ஆளிடம் பிடிப்பார்கள், தோட்டம் 12 வீதம் போடும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, நிதி அட்டையில் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருந்தால் என்ன செய்வது என்பது. எங்கள் ஆட்களில் பலருக்கு அப்படித்தான் இருக்கும். அந்தக் காலத்தில் பதிவெழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே ஆளுக்கு மூன்று காகிதத்தில் மூன்று பெயர். மலையில் ஆட்களின் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் மகள், அவள் இப்போது நுவரெலியாவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள், உடனே குரல் பதிவு போட்டிருந்தாள். எந்தச் சான்றிதழ், யாரிடம் கையொப்பம், கிராம உத்தியோகத்தரிடம் என்ன கடிதம், பிரதேச செயலகத்தில் எந்த மேசை. நாலரை நிமிடம். அதற்கடுத்து வந்த பதில்: "ஆனாலும் தேங்காய் போட்டால்தான் ரொட்டி." ஆனால் அதற்குப் பின்னால் ஏழு பேர், தங்களுக்கும் அதே பெயர்ப் பிரச்சினை என்று வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். என் சுத்தமான குழுவில் இந்த அத்தை வாயே திறந்திருக்க மாட்டார். அவர் உதவி கேட்கவே இல்லையே, தேங்காயைத்தானே பேசினார்.

இன்னொன்று. வத்தளையில் வேலை செய்கிற ஒரு பையன் நுளம்புக் கடியைப் பற்றிப் புலம்பி, "என்னுடையது ஓ நெகட்டிவ், அபூர்வ இரத்தம், அதனால்தான் கொழும்பு நுளம்பெல்லாம் என்னைத் தேடி வருகிறது" என்று பீற்றிக்கொண்டிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு, எங்கள் லயத்து மருமகள் ஒருத்திக்குப் பிரசவத்தில் சிக்கல், கொழும்புக்கு மாற்றியிருக்கிறார்கள், அவளுக்கும் ஓ நெகட்டிவ் என்று செய்தி வருகிறது. அந்தப் பிரிவினருக்கு அதே பிரிவு இரத்தத்தைத்தான் ஏற்ற முடியும். இரண்டு நிமிடத்துக்குள் குவைத் அக்கா எழுதுகிறார்: "நுளம்புத் தம்பி எங்கே?" பெயர்கூட இல்லை, நுளம்புத் தம்பி. அவன் அன்றிரவே போய்க் கொடுத்திருக்கிறான். இன்றும் அவனுக்கு அதுதான் பெயர். நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் இரத்தம் கொடுக்கலாம் என்பதால், கணக்கு வைத்து, "தம்பி, உன் நுளம்புகளுக்கு விடுமுறை முடிந்ததா" என்று யாராவது கேட்பார்கள்.

சிங்களத்தில் வந்த கடிதங்களின் படங்கள் ஒரு தொகை. 1987இல் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தில் தமிழும் ஓர் அரச கரும மொழி என்று எழுதியாகிவிட்டது. ஆனால் எங்கள் லயத்துக்கு வருகிற கடிதம் பாதிக்கு மேல் சிங்களத்தில்தான் வருகிறது. அதுவும் நேரே வராது, தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கே ஒரு மூலையில் கிடந்து, யாராவது ஞாபகம் வந்தால் கைக்கு வரும். தம்புள்ளை அண்ணன் சிங்களம் ஆறுபோலப் பேசுவார். வாசிக்கத் தெரியாது. அவர் படத்தைக் கடை முதலாளியிடம் காட்டுவார். முதலாளி கத்தரிக்காய் எடைபோட்டுக்கொண்டே வாசித்துச் சொல்வார், அண்ணன் தமிழில் குரல் பதிவு போடுவார். பின்னணியில் சந்தை இரைச்சல். ஒரு பதிவில், நிலுவைக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசித் தேதியைச் சொல்லும் நேரம் யாரோ "கரட் கிலோ நூற்றெண்பது" என்று கத்த, அந்த வீட்டார் 180 ரூபாயா கட்ட வேண்டும் என்று திரும்பக் கேட்டிருந்தார்கள்.

அப்புறம் அந்த விண்ணப்பம். மேல் டிவிஷன் பெண்ணின் மகனுக்குரியது. அவரும் "பீலிக்கரை"யில் இருந்தார். அங்கே அவர் விண்ணப்பத்தைப் பற்றி எழுதவில்லை. "என் மகன் மூன்று நாளாகச் சாப்பிடாமல் முகத்தைத் தொங்கப்போட்டிருக்கிறான்" என்று மட்டும் எழுதியிருந்தார். ஏன், என்ன, காதலா என்று பத்துப் பேர் கேட்டு, கேலி செய்து, கடைசியில் விஷயத்தைக் கறந்து, ஒரு ஆசிரியை அன்று மாலையே அவனைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி நிரப்பிக் கொடுத்திருந்தார். அதைப் படித்தபோது மணி மூன்று. வெளியே பனி. போனை மூடி வைத்துவிட்டு, பீலிக்குப் போய் முகம் கழுவினேன். தண்ணீர் ஊசியாகக் குத்தியது.

மறுநாள் தங்கையிடம் வெட்கத்தை விட்டு, என்னையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். என் பெயர் உள்ளே வந்ததும் தம்புள்ளை அண்ணன் எழுதிய வரி: "கணக்கப்பிள்ளை வந்துவிட்டார், எல்லோரும் கொழுந்து எடுக்கிற மாதிரி நில்லுங்கள்." அதன்பிறகு ஒரு முழு நாள் எல்லோரும் வேண்டுமென்றே "ஐயா வணக்கம்", "இங்ஙனம்" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ரோஜாப்பூப் படத்தைத் தேடி எடுத்துக் காலை வணக்கம் போட்டேன். அதோடு விட்டார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் அந்தக் குழுவைக் கோயிலாக்குகிறேன் என்று எண்ண வேண்டாம். பீலிக்கரையில் குடத்தால் அடித்துக்கொண்ட கதைகளும் உண்டு. தொழிற்சங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அன்றைக்கு நான்கு பேர் வெளியேறுவார்கள், மறுவாரம் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் திரும்புவார்கள். ஒருவரின் சிறுநீரகச் சத்திரசிகிச்சைக்குப் பணம் சேர்த்தபோது, கொடுத்தவர் பட்டியலில் தன்னுடைய 2,000 ரூபாய் விட்டுப்போனது என்று ஒரு மாமா இரண்டு ஆண்டு என் அம்மாவோடு பேசவில்லை. பட்டியல் எழுதியவன் நான். அம்மா என்ன செய்வார்? நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த 2022இல் பொய்ச்செய்தியும் ஓடியது. பால்மா ஒரு கடைக்கு வந்துவிட்டது என்று யாரோ எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிட, கைப்பிள்ளைக்காரிகள் நாற்பது பேர் நாலு மைல் நடந்து டவுனுக்குப் போய் வெறுங்கையோடு ஏறி வந்தார்கள். தள்ளிவிட்டவர் ஒரு வாரம் குழுவில் தலைகாட்டவில்லை. பிறகு ஒரு முருங்கைக்காய்ப் படத்தோடு வந்தார். யாரும் பழையதை எடுக்கவில்லை, முருங்கைக்காயைப் பற்றியே பேசினார்கள்.

அந்த ஆண்டை நினைத்தால் இன்னும் அடிவயிறு குளிர்கிறது. நாள் சம்பளம் 1,000 ரூபாய். ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது கூரைக்கு மேலே புகையைப் பார்த்தால் தெரியும். மழையில் நனைந்த விறகைப் பற்றிய கேலிகள்தான் குழுவில் அதிகம் ஓடின. ஒரு வீட்டில் இருந்து மூன்று நாளாக விறகுக் கேலி வராவிட்டால், கீழ் லயத்து அத்தை, கோழிக்காரர், "என்ன, உங்கள் வீட்டு அடுப்பு கோபித்துக்கொண்டதா" என்று கேட்பார். அதற்குள் அவர் மகன் மரவள்ளிக்கிழங்கோடு பாதி வழி போயிருப்பான்.

2025 நவம்பர் கடைசிக்கு வருகிறேன். டித்வா புயல். நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றுவிட்டுப் போனது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. 27ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு எங்கள் குழுவில் ஒரு படம் வந்தது. பீலியில் தண்ணீர் பழுப்பாக ஊற்றுகிறது, கீழே ஒரு குடம். எடுத்தவன் பதினேழு வயதுப் பையன். "இன்று பீலியில் பால்தேநீர் இலவசம். சீனி மட்டும் கொண்டுவரவும்." சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்று போட்டேன்.

பத்து நிமிடம் கழித்து ஒரு குரல் பதிவு. மேல் லயத்துத் தாத்தா ஒருவர், குழுவில் அவர் வழமையாகப் போடுவது நாட்டுவைத்தியக் குறிப்புகள்தான். நாங்கள் பெரும்பாலும் கேட்காமல் தாண்டிவிடுவோம். அவர் பெண் கொடுத்த வீடு கொஸ்லந்தைப் பக்கம். மீரியபெத்தயில் 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மண் சரிந்து லயங்களை மூடியபோது சம்பந்தி வீட்டுச் சொந்தங்களை இழந்தவர். அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளைகளே, ஓடைத் தண்ணீர் மழைக்குக் கலங்கும். இது ஓடை இல்லை, ஊற்று. எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது, இந்தப் பீலி கலங்கி நான் பார்த்ததில்லை. மேலே மண் நகர்கிறது. சட்டி பானையை விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போங்கள்."

ஊற்று திடீரெனக் கலங்குவது, புதிய இடத்தில் தண்ணீர் கசிவது, தரையில் வெடிப்பு, மரம் சாய்வது, இவைதான் மண்சரிவுக்கு முன்குறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் ஆண்டாண்டாகச் சொல்லி வருகிறது. துண்டுப்பிரசுரங்களும் உண்டு. எங்கள் பையன் அந்தப் பிரசுரத்தைப் படித்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம். படித்திருந்தால் படம் எடுத்துக் கேலி எழுதியிருக்க மாட்டான், பயந்துபோய் யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பான்.

போகச் சொன்னதும் எல்லோரும் போய்விடவில்லை. சிலர் முணுமுணுத்தார்கள், ஒருவர் தாத்தாவுக்கு வயதாகிவிட்டது என்றார். பெண்கள்தான் முதலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆண்கள் பிறகு, டிவியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு. மாலைக்குள் லயம் காலி. இரவு மின்சாரம் போனது, போன் கோபுரம் போனது, சிக்னல் போனது. கொழும்பில் களனி கங்கை பெருகிக்கொண்டிருந்தது. நான் ஓர் உயரமான கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் ஒற்றைக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். குவைத், கட்டார், டுபாய், வத்தளை, தம்புள்ளை எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று நாள். அந்த மூன்று நாளும் வெளியே இருந்த நாங்கள் விடாமல் பேசினோம். சமையல், பழைய பாடசாலை வாத்தியார், காமன் கூத்தில் ரதியாக நின்றவன் மீசையை மழிக்க மறுத்தது. தோட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

நான்காம் நாள் பதின்மூன்றாம் நம்பர் மலைப் பாறையிலிருந்து அந்தப் பதினேழு வயதுப் பையன்தான் முதலில் எழுதினான். எல்லோரும் பாடசாலையில் இருக்கிறார்கள். பீலியும் அதற்கு மேலிருந்த தேயிலையும் போய்விட்டன. லயத்தின் கடைசி மூன்று காம்பிராக்களுக்குள் மண். உள்ளே யாரும் இருக்கவில்லை. ஒரு நாய் மட்டும். அதற்கடுத்த செய்தியில், "சீனி கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டிருந்தான். கொழும்பில், படிக்கட்டில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் நான் வாய்விட்டு அழுதேன்.

இப்போது தண்ணீர் வேறு பக்கத்திலிருந்து குழாயில் வருகிறது. பாதிப்பேர் இன்னும் தற்காலிகக் கூடாரங்களில். குழுவின் பெயரை மாற்ற வேண்டுமா என்று ஒரு பேச்சு வந்து, மாற்ற வேண்டாம் என்று முடிந்தது.

கடைசியாக என் கதை ஒன்று, அதோடு நிறுத்துகிறேன். இந்த ஆண்டு தை மாதம் நான் வேலை செய்த கடையில் ஆட்குறைப்பு. பதினேழு ஆண்டுக் கணக்கெழுத்து ஒரு வெள்ளிக்கிழமை மாலையோடு முடிந்தது. அறைக்கு வந்தேன். வீட்டுக்குச் சொல்லத் தைரியமில்லை. அம்மா கூடாரத்தில் இருக்கிறார், அவரிடம் இதைச் சொல்வதா? இரண்டு நாள் சும்மா கிடந்தேன். மூன்றாம் நாள் குழுவைத் திறந்தேன். யாரோ லீக்ஸ் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னவோ தோன்றி, "கொழும்பில் இன்றைக்குச் சரியான வெயில்" என்று எழுதிவிட்டுப் போனை வைத்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. குவைத்திலிருந்து அழைப்பு.

"என்ன தம்பி, என்ன நடந்தது?"

"ஒன்றும் இல்லை அக்கா. ஏன்?"

"பொய் சொல்லாதே. பத்து ஆண்டாக நீ வெயிலைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை."